மருத்துவமனையில் நிகழும் இறப்பும் இஸ்லாமிய நல்லடக்கமும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

இஸ்லாமிய மரபில் இறந்தவரின் உடலை, அதாவது மய்யித்தை, இயன்ற அளவு விரைவாக அடக்கம் செய்வது வலியுறுத்தப்படுகிறது. காலையில் உயிர் பிரிந்தால் அன்று மாலைக்குள் அடக்கம் முடிய வேண்டும் என்பதே பெரும்பாலான ஊர்களில் உள்ள எதிர்பார்ப்பு. குளிப்பாட்டுதல், கஃபன் துணி அணிவித்தல், ஜனாஸா தொழுகை, அடக்கம் ஆகிய நான்கும் சமுதாயத்தின் கூட்டுக் கடமைகளாகும். சிலர் நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்கும். எவரும் செய்யாவிடில் அனைவரும் பொறுப்பாவர். ஆகவே, மருத்துவமனையில் ஏற்படும் தாமதம் குடும்பத்தினருக்கு வெறும் அலைச்சலாகத் தோன்றுவதில்லை. இறந்தவருக்குத் தாம் இழைக்கும் குறையாகவே தோன்றுகிறது. இத்தாமதங்களுள் பல தவிர்க்கக்கூடியவை. சில சட்டத்தால் விதிக்கப்பட்டவை. அவற்றை எவராலும் தவிர்க்க இயலாது.

இறுதி நேரத்தில்

நோயாளியின் முகத்தைக் கிப்லா திசை நோக்கித் திருப்புவதும், அவர் செவியருகே கலிமாவை மெல்லச் சொல்லிக் கொடுப்பதும் வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து கிப்லா ஏறத்தாழ மேற்கு, சற்றே வடமேற்கு. பொது வார்டில் கட்டிலைத் திருப்பித் தருமாறு செவிலியரிடம் கேட்கலாம். செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்டிருந்தால் கட்டிலை நகர்த்துவது ஆபத்தாகலாம். முகத்தை மட்டும் திருப்புவதே போதுமானதாகக் கொள்ளப்படும். உயிர் பிரிந்தபின் கண்களை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கைகால்களை நேராக்கி வைப்பர். உடல் விறைப்பதற்கு முன் இதைச் செய்வது மருத்துவ நோக்கிலும் எளிது.

இயற்கை மரணமாயின் சிறுநீர்க்குழாய், ஊசிக்குழல், மூக்குக் குழாய் ஆகியவற்றை அகற்றி, துளைகளில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டித் தருமாறு கேளுங்கள். வீட்டில் குளிப்பாட்டும்போது இரத்தம் கசிந்து கஃபன் நனைவதை இது பெருமளவு தடுக்கும். இதயமுடுக்கிக் கருவி உடலில் இருந்தால், எரியூட்டலின்போது அது வெடிக்கக்கூடும் என்பதால் முன்னரே அகற்றுவார்கள். அடக்கம் செய்வோருக்கு அத்தேவை எழுவதில்லை.

உடலைப் பெறும்போது இறப்புக் காரணம் குறித்த மருத்துவச் சான்றான படிவம் 4 நிரப்பப்பட்டு உரிய பதிவாளருக்கு அனுப்பப்படுகிறதா என்று உறுதிசெய்து கொள்ளுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறந்தவரின் பெயர் ஆதார் அட்டையில் உள்ளவாறே எழுதப்பட்டிருக்கிறதா என்று அப்போதே பார்ப்பது நல்லது. துயர நேரத்தில் விடுபடும் ஓர் எழுத்து, பின்னர் வாரிசுச் சான்று பெறும்போது பல மாத அலைச்சலாகும்.

உடற்கூறு ஆய்வு

இறந்தவரின் உடலைச் சிதைப்பதை இஸ்லாம் வெறுக்கிறது. ஆதலால் உடற்கூறு ஆய்வு என்ற சொல்லே குடும்பத்தினரை நிலைகுலையச் செய்கிறது. எனினும் விபத்து, தற்கொலை, நஞ்சு, தீக்காயம், ஐயத்திற்குரிய மரணம் ஆகியவற்றில் காவல்துறையின் விசாரணையைப் பின்பற்றியே மருத்துவர் செயல்பட இயலும். ஆய்வு வேண்டாம் என்று தள்ளுபடி செய்யும் அதிகாரம் மருத்துவருக்கு இல்லை. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்திற்குரிய முறையில் இறந்தால் நிர்வாக நடுவரின் விசாரணையும் உண்டு; இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

விபத்தில் சிக்கியவர் பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததும், உடற்கூறு ஆய்வைத் தவிர்க்க மருத்துவ ஆலோசனைக்கு எதிராக அவரை வீட்டிற்கு அழைத்துச் செல்லும் குடும்பங்களைப் பணியில் அடிக்கடி காண்கிறோம். அந்த அன்பு புரிந்துகொள்ளத் தக்கது. ஆனால், விபத்து ஏற்கெனவே காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கும். விசாரணையின்றி அடக்கம் செய்தால் நடுவரின் ஆணைப்படி கபரைத் தோண்டி உடலை வெளியே எடுக்க நேரிடலாம். எந்தக் குடும்பம் உடலில் கத்தி படக்கூடாது என்று நினைத்ததோ, அக்குடும்பமே சில நாட்கள் கழித்து இதைவிடப் பெரிய வேதனையைக் காண நேரிடும்.

செய்யத்தக்கது வேறு. இறப்பு நிகழ்ந்தவுடன் காவல் நிலையத்தை அணுகி விசாரணை அறிக்கை விரைவில் மருத்துவமனைக்கு வந்துசேரப் பாருங்கள். பெரும்பாலும் தாமதம் அங்கேதான் ஏற்படுகிறது. போதிய வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பின்னும் உடற்கூறு ஆய்வு செய்ய மத்திய அரசு 2021 நவம்பரில் அனுமதித்துள்ளது. கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், ஐயத்திற்குரிய மரணம் ஆகியவை பொதுவாக இதற்கு விலக்கு. ஆய்வு முடியும் வரை உடலைக் கழுவக் கூடாது. குழாய்களையும் உடைகளையும் அகற்றக் கூடாது. அவை சாட்சியங்கள். ஆய்வுக்குப் பின் உடல் தைத்தே தரப்படும். தையல்மீது பஞ்சு வைத்து நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடிவிட்டால் குளிப்பாட்டுவதற்குத் தடையில்லை.

குளிப்பாட்டுதலும் நோய்த்தொற்றும்

மருத்துவ நோக்கில் மிகுந்த கவனம் வேண்டியது இக்கட்டமே. உடலைப் பலகையில் கிடத்தி, மறைக்க வேண்டிய பகுதிகளைத் துணியால் மூடி, வயிற்றை மெல்ல அழுத்திக் கழிவை நீக்கி, உளூச் செய்வித்து, வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கமாக ஒற்றைப்படை எண்ணிக்கையில் நீர் ஊற்றுவர். இலந்தை இலை கலந்த நீரும் இறுதியில் கற்பூரம் கலந்த நீரும் பயன்படும். ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் குளிப்பாட்டுவர். கணவர் தம் மனைவியைக் குளிப்பாட்டலாமா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி வழிமுறைகளுக்கிடையே வேறுபாடு உண்டு. இதனை ஜமாஅத்திடம் கேட்டறிக.

பெரும்பாலான நோய்களால் இறந்தவர்களைக் குளிப்பாட்டத் தடையில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி வகைத் தொற்று உள்ளோரின் இரத்தமும் உடல்நீரும் வெட்டுக்காயத்திலோ கண்ணிலோ படாமல் காத்தால் போதும். காசநோய் உள்ளவர் உடலின் மார்பை அழுத்தும்போது நுரையீரலில் தங்கிய காற்று வெளியேறும். எனவே காற்றோட்டமான இடமும் என்95 முகக்கவசமும் தேவை. நோய் எதுவென்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், எல்லா மய்யித்துகளுக்கும் கையுறை, முகக்கவசம், நீர்புகா மேலங்கி அணிவதே சரியான பழக்கம். அவ்வாறாயின் இறந்தவரின் நோயை எவருக்கும் அறிவிக்கத் தேவையிராது. குளிப்பாட்டும்போது கண்ட குறைகளை வெளியே சொல்லக்கூடாது என்பது அம்மரபின் கண்டிப்பான ஒழுக்கம். மருத்துவரின் இரகசியக் காப்பும் அதுவே. பணி முடிந்ததும் பலகையையும் தரையையும் ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 30 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் கரைத்த நீரால் துடைத்து, கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும்.

எபோலா போன்ற கொடிய தொற்றுகளில் உடலைத் தொடுவதே நோயைப் பரப்பும். 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அந்நோய் பரவியபோது, உலக சுகாதார நிறுவனம் சமயத் தலைவர்களைக் கலந்து, நீரின்றிச் செய்யும் தயம்மும் முறையை ஏற்ற பாதுகாப்பான அடக்க நெறியை வகுத்தது. கோவிட் காலத்தில் இந்திய அரசின் 2020 மார்ச் நெறிமுறை, குளிப்பாட்டுவதைத் தடுத்தபோதும், வேதம் ஓதவும் அடக்கம் செய்யவும் இடமளித்தது. இலங்கையிலோ 2020 ஏப்ரலில் எரியூட்டல் கட்டாயமாக்கப்பட்டது; அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் 2021 பிப்ரவரி இறுதியில்தான் அவ்விதி விலக்கப்பட்டு, பின்னர் ஓட்டமாவடியில் அடக்கங்கள் நடந்தன. 2024-இல் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கோரியது. மண்ணில் புதைத்த உடலால் கோவிட் பரவியதற்குச் சான்று எதுவும் இருந்ததில்லை.

அடக்கம்

ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து வெண்துணிகள் கஃபனாகும். ஜனாஸா தொழுகை நின்றபடியே நான்கு தக்பீர்களுடன் நடைபெறும். மய்யித்து, சந்தூக்கில் சுமந்து செல்லப்பட்டு, கபரில் வலப்பக்கமாக முகம் கிப்லா நோக்க வைக்கப்படும். வந்தவர்கள் மும்முறை கைப்பிடி மண் இடுவர். மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டு செல்ல அரசின் இலவச அமரர் ஊர்தியைக் கோரலாம். இறந்து பிறந்த குழந்தையை அடக்கம் செய்ய விரும்பினால் பிரசவ அறைப் பணியாளரிடம் உடனே தெரிவியுங்கள். நீரிழிவால் அகற்றப்படும் கால் போன்ற உறுப்பைப் புதைக்க விரும்புவோர், அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அதைக் கூறிவிட வேண்டும். உயிரி மருத்துவக் கழிவாக அனுப்பப்பட்ட பின் திரும்பப் பெற இயலாது.

இத்தாவில் இருக்கும் மனைவி

கணவனை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாட்கள், கருவுற்றிருந்தால் பிரசவம் வரை, இத்தா இருப்பார். வீட்டை விட்டு வெளியே செல்லாத இக்காலத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் தீர்ந்துபோய், பரிசோதனையும் நின்று, இத்தா முடியும் தறுவாயில் பக்கவாதத்துடன் வருவோர் உண்டு. சிகிச்சைக்காக வெளியே செல்ல மார்க்கத்தில் தடையில்லை. கருவுற்றவருக்கு மாதாந்திரப் பரிசோதனைகள் தவறக் கூடாது. வெளியே வர மனம் ஒப்பாதவரின் வீட்டிற்குக் கிராமச் சுகாதாரச் செவிலியரையோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளரையோ வரச் சொல்லுங்கள். மாத்திரைகளும் இரத்த அழுத்தப் பரிசோதனையும் வீட்டிலேயே கிடைக்கும்.