உலோகத்தில் ஒரு மனிதர்: பினாங்கின் கம்பிச் சிலைகளும் வெண்கலச் சிலையும் எப்படி உருவாகின்றன?

பாலிக் புலாவ் கடைவீதிச் சுவர்களில் ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா வரைந்த பெரிய பெரிய முகங்களைப் பார்த்திருப்பீங்க. மலைப்பாதை வழியாக ஜார்ஜ் டவுனுக்குப் போனால் சுவர்களில் இன்னொரு வகை மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்கள் பெயின்ட்டில் வரைந்தவர்கள் இல்லை, இரும்புக் கம்பியில் வளைத்தவர்கள். அங்கிருந்து கடற்கரைப் பக்கம், கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனால் வெண்கலத்தில் ஒருவர் நிற்கிறார்.

ஒரு மனிதரை உலோகத்தில் கொண்டுவர உள்ள வழிகளில் இரண்டை இந்த ஒரே தீவில் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டுத் தாத்தாவையோ பாட்டியையோ செய்ய ஆசைப்பட்டால் எந்த வழி கைகொடுக்கும்?

கம்பி: சுவரில் வரைந்த கோடு

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. நகரத்தின் கதையைத் தெருவிலேயே சொல்ல வேண்டும் என்று மாநில அரசு ஒரு போட்டி வைத்தது. 'ஸ்கல்ப்சர் அட் வொர்க்' நிறுவனத்தின் யோசனை வென்றது. தாங் முன் கியான், பாபா சுவா, ரெஜி லீ போன்ற கலைஞர்களின் கைவண்ணத்தில் 52 கம்பிச் சித்திரங்கள் தெருக்களில் ஏறின.

இவற்றில் பெரிய மனிதர்கள் குறைவு. லவ் லேனில் ஒரு கள்ளக் கணவர் இருக்கிறார். முந்த்ரி ஸ்ட்ரீட்டில், சமையல் முதல் பிள்ளை வளர்ப்பு வரை ஒரே ஆளாகச் சுமந்த வீட்டுப் பணிப்பெண் இருக்கிறார். காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூகூட அங்கே தொழில் பழகும் பையனாகத்தான் வருகிறார்.

செய்யும் முறை கேட்க எளிது. படத்தை முழு அளவில் தரையிலோ பலகையிலோ வரைய வேண்டும். கம்பியை அந்தக் கோட்டின் மேல் வைத்து வைத்துப் பார்த்து வளைக்க வேண்டும். மெல்லிய கம்பி கைக்கே வளையும், தடித்ததைச் சூடாக்கணும். துண்டுகளை முதலில் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்து, தள்ளி நின்று பார்த்து, சரியென்றால்தான் முழுசாகப் பற்றவைப்பார்கள். பிறகு கிரைண்டரில் தேய்த்து, துரு பிடிக்காமல் பூச்சு. உப்புக் காற்று வீசும் தீவில் இந்தக் கடைசி வேலையில் கஞ்சத்தனம் பண்ணினால் ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே சுவரில் செங்காவி வழியும்.

கடினம் எங்கே? ஒரு மூக்குக்கு ஒரு கோடுதான். கோடு கொஞ்சம் பிசகினால் ஆளே மாறிவிடுவார். அதனால்தான் இந்த வேலைக்குக் கேலிச்சித்திரக்காரர்கள் பொருத்தமானவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குறைந்த கோட்டில் ஆளைப் பிடிப்பது அவர்கள் பிழைப்பு.

வெண்கலம்: உருகி ஓடும் மெழுகு

வெண்கலம் வேறு உலகம். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம், சுமார் 950 டிகிரி செல்சியஸில் உருகும். அதை ஒரு மனித வடிவத்துக்குள் ஊற்ற வேண்டும். அந்த வடிவம் எப்படிக் கிடைக்கும்?

இதற்குத் தமிழர்களுக்கு வெகுதூரம் போக வேண்டாம். கும்பகோணம் பக்கத்துச் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் செய்கிறார்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில் உருவத்தை விரல் நகம் வரை செதுக்குவார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாக அரைத்து முதல் பூச்சு. மெழுகில் உள்ள நுணுக்கமெல்லாம் இந்தப் பூச்சில்தான் பதியும், அவசரப்பட்டால் போச்சு. அடுத்தடுத்து கனமான மண், சுற்றிலும் இரும்புக் கம்பிக்கட்டு. காய்ந்ததும் வரட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே மனித வடிவில் ஒரு வெற்றிடம். உருகிய உலோகம் போவது அந்த வெற்றிடத்துக்குள்.

ஆறியபின் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கணும். எனவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. உலோகம் எங்காவது எட்டாமல் நின்றிருந்தால், கை இல்லாத சிலை கிடைக்கும். மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சுவாமிமலையில் பெரும்பாலும் கெட்டியாகவே வார்ப்பார்கள். ஆளுயரச் சதுக்கச் சிலைகளுக்கு அது கட்டுப்படியாகாது. அவற்றை உள்ளே கூடாக, துண்டு துண்டாக வார்த்து இணைப்பது வழக்கம்.

அந்த முகம் யாருடையது?

கோட்டையில் நிற்பவர் கேப்டன் பிரான்சிஸ் லைட். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் இறங்கியவர். 150ஆம் ஆண்டுக்காக 1936இல் எழுப்பிய சிலை, செய்தவர் சிற்பி எஃப். ஜே. வில்காக்சன். ஒரு சிக்கல்: லைட்டின் நம்பகமான படம் எதுவும் இல்லை. அதனால் அவருடைய மகன் வில்லியம் லைட்டின் முகத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை வடிவமைத்தவர் அந்த மகன். ஆக, நீங்கள் செல்ஃபி எடுப்பது அப்பாவோடு, முகம் பிள்ளையுடையது! ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் சிலையை அகற்றினார்கள். போருக்குப் பின் சிலை திரும்பியது, இடுப்பு வாள் திரும்பவில்லை.

கம்பெனியின் கேப்டனுக்கே முகம் மிஞ்சவில்லை என்றால், அதே காலத்தில் இங்கே கப்பலேறி வந்து துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைத்தவர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அவர்களைச் செய்ய உட்காரும் சிற்பி, ஒரு தொப்பி, ஒரு கூடை, ஒரு தலைப்பாகையை வைத்து 'இப்படி இருந்திருப்பார்' என்றுதான் செய்ய முடியும். கம்பிச் சித்திரத்தில் வருபவர்கள் பலர் பெயரில்லாத ஆட்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

நீங்களே செய்து பார்க்கணும்னா?

கம்பியில் தொடங்குங்க. முதல் வேலை கம்பி வாங்குவது இல்லை, படம் எடுப்பது. தாத்தாவை உட்காரவைத்து முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டுப் படம்தான் முக்கியம், மூக்கும் மோவாயும் அதில்தான் பிடிபடும்.

அடுத்தது அளவு. சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்தே முகம், மார்பு, தொடை எல்லாம் எங்கே வரும் என்று சுவாமிமலை ஸ்தபதிகள் குறித்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஒரு காகிதப் பட்டை போதும். படத்தில் முகத்தின் நீளத்தை அளந்து, உடம்பில் எத்தனை முகம் அடங்குகிறது என்று எண்ணிப் பாருங்க. கூன் விழுந்த பாட்டிக்குக் கணக்கு வேறாக வரும். அதைச் 'சரி' பண்ணாதீங்க.

மெல்லிய அலுமினியக் கம்பி, ஒரு குறடு. வெல்டிங் தேவையில்லை, முறுக்கிக் கட்டினாலே நிற்கும். பிறகு வெல்டிங்குக்குப் போனால் முகமூடியில்லாமல் ஒரு நொடிகூடப் பார்க்காதீங்க, தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். துத்தநாகப் பூச்சுள்ள கம்பியைப் பற்றவைத்தால் வரும் புகை நஞ்சு, காய்ச்சல் வரும்.

சுவரில் மாட்டும்போது ஒட்டி வைக்காமல், இரண்டு விரல் இடைவெளி விடுங்க. காலை வெயிலில் தாத்தாவுக்குப் பின்னால் சுவரில் இன்னொரு தாத்தா விழுவார், கொஞ்சம் நீளமாக.