கிட் கிரீக் செம்பு–துத்தநாகப் படிவு: தேடல் வரலாறும் தோற்றக் கோட்பாடும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், டிமின்ஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில், கிட் என்னும் நிலப்பிரிவில் அமைந்துள்ள கிட் கிரீக் செம்பு–துத்தநாகப் படிவு, வான்வழி மின்காந்த அளவையின் மாபெரும் வெற்றியாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்கு மாறாக, எரிமலைப் பாறைகளுக்கும் சல்பைடுத் தாதுவுக்கும் உள்ள உறவை முன்கூட்டியே உணர்ந்த புவியியலாளரின் வெற்றி அது என்று வாதிடுவோரும் உண்டு. கிடைத்துள்ள சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இவ்விரு கூற்றுகளும் பாதி உண்மைகளே என்பது புலப்படும். கருவி தந்தது ஒரு நீண்ட பட்டியல் மட்டுமே. அப்பட்டியலைச் சுருக்க உதவிய கருத்தோ, அன்றைய புவியியலில் ஏற்புடைய விளக்கம் எதையும் பெற்றிராத வெறும் பட்டறிவு. அதற்கான விளக்கம் தாது வெட்டியெடுக்கப்பட்ட பின்னரே உருவாயிற்று என்பதும், அதன் பெரும்பகுதி இதே படிவைப் படித்ததால் உருவானது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திண்ம சல்பைடுப் படிவு என்பது, கந்தகத்தோடு சேர்ந்த உலோகக் கனிமங்கள் பாறையில் சிதறிக் கிடக்காமல், அவையே பாறையின் பெரும்பகுதியாகத் திரண்டு நிற்கும் தாதுவுடலைக் குறிக்கும். எரிமலைச் சார்பு கொண்ட வகையில், கடலடித் தரையின் வெடிப்புகள் வழியே உள்ளிறங்கும் கடல்நீர், கீழுள்ள பாறைக்குழம்பின் வெப்பத்தால் சூடேறி, தான் கடந்து செல்லும் எரிமலைப் பாறைகளிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் இரும்பையும் கரைத்தெடுத்து மேலெழுந்து, தரையை அடையும் இடத்தில் குளிர்ந்து அவற்றைச் சல்பைடுகளாக விட்டுச் செல்கிறது. செம்பு ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே தக்க அளவில் கரைந்து பயணிக்கும்; துத்தநாகமோ அதைவிடக் குறைந்த வெப்பத்திலும் கரைசலில் தங்கும். ஆகவே கரைசல் ஏறிவந்த வாய்க்கு அருகிலும் அதன் அடியிலும் செம்பும், அதற்கு வெளியேயும் மேலேயும் துத்தநாகமும் மிகுந்திருப்பது இவ்வகைப் படிவுகளின் பொது அமைப்பாகும். கரைசல் ஊடுருவிய அடிப்பாறை குளோரைட், செரிசைட் முதலிய கனிமங்களாக மாறிப்போயிருக்கும். தாது கண்ணுக்குப் படாத இடத்திலும் இம்மாற்றம் தேடுவோருக்குத் தடம் காட்டும்.

கிட் கிரீக் அமைந்துள்ள அபிடிபி பசும்பாறைப் பட்டை, கனடியக் கேடயப் பாறைப் பரப்பின் தொன்மையான எரிமலைத் தொகுதிகளுள் ஒன்று. தாதுவைத் தாங்கும் ரயோலைட், அதாவது சிலிக்கா மிகுந்த எரிமலைப் பாறை, ஏறத்தாழ 271 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதற்கு அடியில் கோமட்டியைட் என்னும், மக்னீசியம் மிகுந்து மிகக் கடும் வெப்பத்தில் வழிந்த பழங்கால எரிமலைக்குழம்புப் பாறை உள்ளது. மேலே கரிமம் செறிந்த களிப்பாறையும் பசால்ட்டும் வருகின்றன. பிற்கால மடிப்புகளால் இவ்வடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்துவிட்டதால், ஒரு காலத்தில் கடலடியில் கிடையாகப் பரவியிருந்த தாது இன்று நிலத்துக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் எட்டி இறங்குகிறது. இவ்வகைப் படிவுகளுள் பெரும்பாலானவை 1 கோடி டன்னைக்கூடத் தொடாதவை. கிட் கிரீக்கின் தாது அளவோ 13 கோடி டன்னைத் தாண்டியது. செம்பு, துத்தநாகத்தோடு வெள்ளியும் அதில் மிகுதி. எரிமலைச் சார்புப் படிவுகளில் அரிதாகவே எடுக்கத்தக்க அளவில் கிடைக்கும் வெள்ளீயமும் இச்சுரங்கத்திலிருந்து பெறப்பட்டது.

இத்தனை பெரிய படிவு, 1909ஆம் ஆண்டிலிருந்து தங்கச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற ஒரு நகரின் அருகிலேயே அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்டறியப்படாமல் கிடந்ததற்கு முதற்காரணம் நிலமேற்பரப்பு. பனியாறுகள் உருகிய காலத்தில் தேங்கிய பேரேரியின் களிமண் அப்பகுதியைப் போர்த்தியிருந்தது. அதன்மேல் சதுப்பும் காடும். பாறை வெளித்தெரியும் இடங்கள் சில திட்டுகளே. பாறையைச் சுத்தியலால் உடைத்து நோக்கும் தேடுநர் மரபுக்கு இங்கே வேலை இல்லை. இந்த இடர்ப்பாட்டை நீக்கவே வான்வழி மின்காந்த அளவை பயன்பட்டது. வானூர்தி சுமந்து செல்லும் சுருளொன்று மாறுமின்காந்தப் புலத்தை உண்டாக்க, நிலத்தடியில் மின்கடத்தி இருப்பின் அதில் தூண்டப்படும் மின்னோட்டம் தனக்கென ஓர் இரண்டாம் புலத்தை எழுப்பும். அப்புலத்தை மற்றொரு சுருள் பதிவு செய்யும். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஹீத் ஸ்டீல் படிவு 1950களின் நடுவில் இம்முறையால் கிடைத்தபின், கேடயப் பரப்பு முழுவதும் இதன்மேல் நம்பிக்கை வளர்ந்தது.

ஆனால் இக்கருவி தாதுவை அளப்பதில்லை. மின்கடத்தும் திறனையே அளக்கிறது. கரிமம் படிந்த களிப்பாறையும், உலோகப் பயன் ஏதுமற்ற இரும்புச் சல்பைடும் அபிடிபி பட்டையில் எங்கும் பரவியுள்ளன. கருவிக்கு அவையும் நல்ல செம்புத் தாதுவும் ஏறத்தாழ ஒன்றே. இதில் ஒரு முரணையும் சுட்ட வேண்டும். துத்தநாகத்தின் முதன்மைக் கனிமமான ஸ்பேலரைட் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். கிட் கிரீக்கின் செல்வத்தில் பெரும்பங்கு வகித்த உலோகம் கருவியின் கண்ணுக்குத் தென்படவே இல்லை என்றும், அதனோடு சேர்ந்திருந்த கால்கோபைரைட் முதலிய செம்பு, இரும்புச் சல்பைடுகளே அலையை எழுப்பின என்றும் சொல்வது மிகையாகாது.

டெக்சாஸ் கல்ஃப் சல்ஃபர் என்னும் அமெரிக்க நிறுவனம், பெயருக்கேற்பக் கந்தக வணிகத்தில் ஊன்றியது, 1957ஆம் ஆண்டில் கேடயப் பரப்பின் கிழக்குப் பகுதியில் தேடலைத் தொடங்கி, 15,000 சதுர மைலுக்கு மேல் வான்வழி அளவை நடத்திப் பல நூறு மின்கடத்து முரண்களை, அதாவது மின்கடத்தல் வழக்கத்தைவிட மிகுந்த இடங்களை, பதிவு செய்தது. அவற்றுள் ஒன்றே கிட்–55. பல நூறிலிருந்து எவற்றை முதலில் துளையிடுவது என்னும் வினாவுக்குக் கருவியிடம் விடை இல்லை. நிறுவனத்தின் தலைமைப் புவியியலாளர் வால்டர் ஹோலிக், நியூ பிரன்ஸ்விக்கின் பாத்தர்ஸ்ட் பகுதியில் பணியாற்றியவர். அங்கே சல்பைடுகள் ரயோலைட் வகைப் பாறைகளை ஒட்டியே கிடந்ததைக் கண்டவர். ரயோலைட் உள்ள இடத்தைத் தேடு என்னும் இந்நெறி டிமின்ஸ் பகுதிக்கு வந்து சேர்ந்த வழி இதுவே. அது கோட்பாடு என்னும் பெயருக்கு உரியதன்று. ஓரிடத்தில் கண்ட சேர்க்கை மற்றோரிடத்திலும் இருக்கும் என்னும் எதிர்பார்ப்பு மட்டுமே.

தேடல் வரலாறுகள் விரைந்து கடந்துவிடும் மூன்றாவது காரணி நில உரிமை. அரசு நிலத்தில் எவரும் எல்லைக்கல் நட்டு உரிமை கோரலாம். கிட்–55 முரண் கிடந்ததோ தனியார் பட்டா நிலத்தில். அந்நிலத்தின் வடகிழக்குக் கால்பகுதிக்கான வாங்கும் உரிமை 1963ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் கைக்கு வந்தது. அறிவியல் வரலாறு எழுதுவோர், முரண் பதிவானதற்கும் இவ்வுரிமை கிடைத்ததற்கும் இடையிலான இடைவெளியைத் தயக்கத்தின் காலமாகவோ ஆய்வின் காலமாகவோ காட்ட விழைவதுண்டு. அது பெரும்பாலும் பத்திரங்களின் காலம்.

1963 அக்டோபர் இறுதியில் தரைவழி அளவை முரணை உறுதிப்படுத்த, நவம்பர் 8 அன்று தொடங்கிய முதல் துளை நவம்பர் 12 அன்று 655 அடியில் நிறுத்தப்பட்டது. மேலெடுத்த பாறைத் தண்டுகளைக் கண்ணால் மட்டுமே நோக்கிய ஹோலிக், 599 அடி நீளத்துக்குச் சராசரியாகச் செம்பு 1.15 விழுக்காடு, துத்தநாகம் 8.64 விழுக்காடு என மதிப்பிட்டார். டிசம்பரில் வந்த வேதிப் பகுப்பாய்வு 602 அடிக்குச் செம்பு 1.18, துத்தநாகம் 8.26 விழுக்காடும், டன்னுக்கு 3.94 அவுன்ஸ் வெள்ளியும் காட்டியது. கண்மதிப்பு இவ்வளவு நெருங்கி வருவது துளை மாதிரி வரலாற்றில் அரிது. சுற்றியுள்ள நிலங்களை வாங்கி முடிக்கும்வரை செய்தி மறைக்கப்பட்டது. துளையிட்ட இடம் மறைக்கப்பட்டதோடு, முரணுக்கு வெளியே வேண்டுமென்றே ஒரு வெற்றுத்துளையும் போடப்பட்டது. 1964 மார்ச் 27 அன்று நிலக் கொள்முதல் நிறைவுற, மார்ச் 31 அன்று துளையிடல் மீண்டும் தொடங்கிற்று. ஏப்ரல் 12 அன்று வெளியான நிறுவன அறிக்கை, கண்டுபிடிப்பைப் பற்றிப் பரவிய வதந்திகளை மிகை என ஒதுக்கியது; ஏப்ரல் 16 அறிவிப்போ குறைந்தது 2.5 கோடி டன் தாது என்றது.

இந்நாட்களும் எண்களும் இத்துணைத் துல்லியமாகக் கிடைப்பதற்குக் காரணம் புவியியல் இதழ்கள் அல்ல. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தொடுத்த வழக்கு. இடைக்காலத்தில் நிறுவனத்தின் உள்ளிருந்தோர் பங்குகளை வாங்கினர் என்பதே குற்றச்சாட்டு. சட்ட நூல்கள் இதை உள்ளறிவு வணிகத்தின் முன்னோடி வழக்காக மட்டும் பயில்கின்றன. புவியியலாளருக்கு அதில் இருப்பது வேறொரு வினா: ஒற்றைத் துளை எதை மெய்ப்பிக்கும்? 1966ஆம் ஆண்டில் விசாரணை நீதிமன்றம், ஒரு துளையின் நீளம் தாதுவுடலின் அகலத்தையோ ஆழத்தையோ சொல்லாது என்னும் நோக்கில், 1964 ஏப்ரல் 9 மாலைக்கு முன்னிருந்த தகவலை முக்கியத் தகவலாக ஏற்கவில்லை. 1968ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை மறுத்தது. நிகழ்வின் வாய்ப்பையும் அதன் விளைவின் அளவையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றும், விவரம் அறிந்தவர்கள் பணம் போட்டதே அத்தகவலின் எடைக்குச் சான்று என்றும் அது கருதியது. தூய வடிவியல் நோக்கில் விசாரணை நீதிமன்றத்தின் நிலைப்பாட்டில் பிழை காண்பது கடினம்: தாதுவுக்கு இணையாக இறங்கிய துளையும் அதைக் குறுக்கே வெட்டிய துளையும் ஒரே நீளத்தைக் காட்டக்கூடும். ஆனால் தேடுநர் வடிவியலை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை. ரயோலைட் சூழல், மின்கடத்து முரணின் பரப்பு, 600 அடி தொடர்ந்த சல்பைடு ஆகிய மூன்றும் ஒன்றுகூடியபோது அவர்கள் மனத்தில் தாதுவுடல் உருப்பெற்றுவிட்டது. இந்த இடத்தில் மேல்நீதிமன்றம் புவியியல் தீர்ப்பின் இயல்பை விசாரணை நீதிமன்றத்தைவிட நன்றாகவே புரிந்துகொண்டது எனலாம்.

இனித் தோற்றக் கோட்பாட்டுக்கு வரலாம். முதல் துளை இறங்கிய நாளில், வட அமெரிக்கப் புவியியலாளர் பலரும் ஏற்றிருந்தது மாற்றீட்டுக் கொள்கை: ஆழத்தில் குளிரும் கிரானைட்டிலிருந்து பிரிந்த கரைசல், ஏற்கெனவே உருவாகிவிட்ட பாறைக்குள் நெடுங்காலம் கழித்துப் புகுந்து அதைத் தின்று தாதுவாக மாற்றியது என்பது அது. இதன்படி ரயோலைட் தற்செயலான இருப்பிடமே. நார்வேயின் கிறிஸ்டோஃபர் ஒஃப்டெடால் 1958ஆம் ஆண்டில், சல்பைடுகள் கடலடி எரிமலை உமிழ்வுகளால் பாறையோடு உடன்பிறந்தவை என எழுதியபோது அது சிறுபான்மைக் குரல். 1979ஆம் ஆண்டில் கிழக்குப் பசிபிக் மேட்டில், ஆல்வின் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் 350 பாகை அளவில் கருநிற நீரை உமிழும் சல்பைடுப் போக்கிகளை நேரில் கண்டனர். அப்போது கிட் கிரீக் சுரங்கம், 1966ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கி, பதின்மூன்று ஆண்டுகளாகத் தாது தந்துகொண்டிருந்தது. கோட்பாடு கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது என்னும் கூற்று காலவரிசையின் முன் நிற்கவில்லை.

மேலும், கடலடிப் போக்கி என்னும் எளிய சித்திரத்துக்குக் கிட் கிரீக்கே முழுமையாக அடங்கவில்லை. நீருக்குள் உமிழப்பட்டுத் தரைமேல் குவிந்த மேடாக மட்டும் இத்தனை கோடி டன்னை விளக்க முடிவதில்லை; உமிழப்படும் உலோகத்தில் பெரும்பகுதி கடல்நீரில் கலைந்து போய்விடும். 1999ஆம் ஆண்டில் ஹானிங்டனும் பாரியும் பதிப்பித்த பெருந்தொகுதி ஆய்வுகள், தாதுவின் பெரும்பங்கு கடல்தரைக்குச் சற்றுக் கீழே, நுண்துளை நிறைந்த ரயோலைட் துகட்பாறையின் இடைவெளிகளை நிரப்பியும் அப்பாறையை மாற்றீடு செய்தும் உருவானது என்னும் கருத்துக்கு வலுச்சேர்த்தன. பழைய கொள்கை கைவிட்ட மாற்றீடு என்னும் செயல்முறை, காலமும் மூலமும் திருத்தப்பட்டு, மீண்டும் உள்ளே வந்தது. அடியிலிருந்த கோமட்டியைட்டும் அதை ஒத்த குழம்புகளும் வழக்கத்துக்கு மீறிய வெப்பத்தைத் தந்திருக்கலாம் என்பதும் அங்கே எழுந்த வாதமே. தெற்குத் தாதுவுடலின் போர்னைட் (செம்பு–இரும்புச் சல்பைடு) பகுதி, செம்பு மிகச் செறிந்தது, இன்னும் ஒருமித்த விளக்கத்துக்கு வரவில்லை.

இவ்வாறு சுரங்கத்துக்குள் பிறந்த அடையாளங்கள், அதாவது குறிப்பிட்ட வேதியமைப்புடைய உயர்வெப்ப ரயோலைட், அடியில் கோமட்டியைட், பிளவால் தாழ்ந்த கடலடிப் பள்ளம் ஆகியவை, பின்னர் அடுத்த கிட் கிரீக்கைத் தேடும் அளவுகோல்களாயின. இவற்றை ஓர் எச்சரிக்கையோடு கையாள வேண்டும்: எந்தப் படிவிலிருந்து அளவுகோல் வடிக்கப்பட்டதோ அதே படிவில் அது பொருந்துவது சோதனை ஆகாது. அத்தகைய ரயோலைட் பிற இடங்களில் தாதுவின்றியும் கிடைக்கிறது. 1964ஆம் ஆண்டின் பரபரப்பில் சுற்றுவட்டாரம் முழுவதும் உரிமைக்கற்கள் நடப்பட்டன. அதே கோடையில் அண்டை நிலத்தில் துளையிட்ட விண்ட்ஃபால் நிறுவனத்தின் பங்கு ஏறி வீழ்ந்ததை விசாரிக்க அரசு ஆணையமே அமைக்க வேண்டியதாயிற்று. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக வான்வழியிலும் தரைவழியிலும் தேடியும், அதே அளவில் இரண்டாவது படிவு அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கவில்லை. கிடைத்த பெரும் சேர்க்கை பக்கவாட்டிலிருந்து வராமல் கீழிருந்து வந்தது. அறிந்த தாதுவின் சரிவைத் தொடர்ந்து சுரங்கத்துக்குள்ளிருந்தே துளையிட்டுச் சென்றதால், 6,800 அடி மட்டத்துக்குக் கீழே புதிய பகுதி திறக்கப்பட்டு, அகழ்வு 9,600 அடி மட்டம்வரை இறங்கிற்று. வானிலிருந்து பார்க்கும் எந்த மின்காந்தக் கருவியும் அந்த ஆழத்தை எட்டாது. அங்கே வழிகாட்டியவை முந்தைய துளைகளின் பாறைப் பதிவேடுகளே.