நகர்ப்புற விலங்குக் காப்பகமும் பொதுவெளியும்

நகர்ப்புற விலங்குக் காப்பகம் என்பது, தெருவில் அடிபட்டும் நோயுற்றும் கைவிடப்பட்டும் கிடக்கும் நாய், பூனை, மாடு முதலியவற்றை ஏற்று, மருத்துவம் அளித்து, குணமான பின் புதிய வீட்டுக்கோ பழைய இடத்துக்கோ அனுப்பிவைக்கும் நிறுவனமாகும். அதே வளாகத்தில் ஊரார் கூடவும் கற்கவும் இளைப்பாறவும் இடம் ஒதுக்கப்படும்போது அது காப்பகமாகவும் பொதுவெளியாகவும் ஒருசேரப் பயன்படுகிறது. மின்சாரத்தைக் குறைவாகச் செலவிட்டு, தன் கூரையில் விழும் மழையைச் சேமித்து, கழிவை மறுபடி பயன்படுத்தி நெடுங்காலம் நடக்கும்படி திட்டமிடப்பட்ட காப்பகம் வளங்குன்றாக் காப்பகம் எனப்படும். இத்தகைய காப்பகத்தின் வரலாறு, சட்டப் பின்னணி, வடிவமைப்பு நெறிகள் ஆகியவற்றையும், ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள பிச்சாட்டூர் வட்டாரத்துக்கு அவை பொருந்தும் விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

மனிதருக்கும் விலங்குக்கும் ஒரே இடத்தில் நிழலும் நீரும் அமைப்பது இந்நிலத்துக்குப் புதியதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாமிரபரணி வரையிலும் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்யப்பட்டதையும், இரு சாராரின் பயனுக்காகவும் வழியோரங்களில் கிணறுகள் தோண்டி மரங்கள் நடப்பட்டதையும் குறிக்கிறது. தமிழ் மரபு எண்ணும் முப்பத்திரண்டு அறங்களில் தண்ணீர்ப் பந்தல், மடம், தடம், சோலை ஆகியவற்றோடு, மாடுகள் உடலை உராய்ந்து தினவு தீர்த்துக்கொள்ள நடப்படும் ஆவுரிஞ்சு கல்லும் விலங்குகளுக்கு உணவிடுதலும் இடம்பெறுகின்றன. யாழ்ப்பாணத்தின் பழைய சாலையோரங்களில் ஆவுரிஞ்சு கல், சுமைதாங்கி, கேணி, மடம் ஆகியவை ஒன்றையொன்று அடுத்து அமைந்திருப்பது, வழிப்போக்கரும் கால்நடையும் ஒரே பொதுவெளியைப் பகிர்ந்துகொண்டதற்குச் சான்றாகும்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இவ்விணைப்பு தளர்ந்தது. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி அமைந்த பவுண்டு எனும் பட்டி, பயிரை மேய்ந்த மாட்டைத் தண்டத்தொகை கட்டும்வரை அடைத்துவைக்கும் இடமாக இருந்ததேயன்றி அதைப் பேணும் இடமாக இருக்கவில்லை. சென்னையில் விலங்கு வதைத் தடுப்புக் கழகம் 1877-இலும், முதிர்ந்த மாடுகளைக் காக்கும் பிஞ்சராபோல் 1906-இலும் தோன்றின. கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் எனும் விலங்கு நல அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து விடும் முறையை 1964 முதல் வலியுறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி 1996-இல் அம்முறையை ஏற்கத் தொடங்கிய பிறகே, பிடித்துக் கொல்லும் கொட்டகை என்ற நிலையிலிருந்து மருத்துவம் பார்த்து அனுப்பும் மையம் என்ற நிலைக்கு நகரத்து நாய்க் கூடங்கள் மாறத் தொடங்கின. இன்று அவை நாய் இனக்கட்டுப்பாட்டு மையங்கள் என வழங்கப்படுகின்றன.

சட்டப் பின்னணி

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதன்படி 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்தார். 1976-இல் செய்யப்பட்ட 42-ஆம் திருத்தம், உயிர்களிடம் இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக அரசியலமைப்பில் சேர்த்தது. 2001-ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்த 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்தன.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று இந்நெறியை ஏற்று, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் திரும்ப விடப்படலாகாது என்றது. 2025 நவம்பர் 7 அன்று, பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கேயே விடாமல் காப்பகங்களில் வைக்க உத்தரவிட்டது. இதனால் சில நாள் தங்கவைக்கும் மையங்களை மட்டுமே அறிந்திருந்த ஊர்கள், நாய்கள் நெடுநாள் வாழும் இடத்தைக் கட்ட வேண்டிய கட்டாயத்துக்கு வந்துள்ளன. அவசரத்தில் எழுப்பப்படும் தகரக் கொட்டகை இத்தேவையை நிறைவேற்றாது என்பதால், காப்பக வடிவமைப்பு இன்று ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் உரிய பொருளாகியுள்ளது.

மனையும் மண்டலப் பிரிப்பும்

காப்பகம் ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கின் பக்கத்தில் ஒதுக்கப்பட்டால் தத்தெடுப்போரும் தன்னார்வலரும் வருவது குறையும். குடியிருப்பின் நடுவே பாதுகாப்பின்றி அமைந்தால் குரைப்பொலியும் நாற்றமும் பகையை வளர்க்கும். பேருந்து வசதியுள்ள சாலையில், வெள்ளம் ஏறாத மேட்டில், வீடுகளிலிருந்து மண்கரையாலும் அடர்ந்த மரவரிசையாலும் பிரிக்கப்பட்ட மனையே ஏற்றது. நாய்கள் பல ஒருங்கே குரைக்கும்போது கூடத்தினுள் ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடும் என்பதால், எதிரெதிர்க் கூண்டுகளைத் தவிர்ப்பதும், ஒரு நாய் மற்றொன்றைப் பார்க்காதபடி இடைச்சுவர் எழுப்புவதும் ஒலியை அது பிறக்கும் இடத்திலேயே தணிக்கும் வழிகளாகும்.

வளாகம் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதலாவது, திண்ணை, கூட்ட அரங்கு, புறநோயாளர் பிரிவு ஆகியவை கொண்ட பொது மண்டலம்; இரண்டாவது, தத்தெடுக்க வருவோர் பணியாளர் துணையோடு விலங்குகளைச் சந்திக்கும் இடைமண்டலம்; மூன்றாவது, அறுவை அரங்கு, தனிமைக் கூடம், புதிதாக வந்தவற்றுக்கான கண்காணிப்புக் கூடம் ஆகியவை அடங்கிய உள்மண்டலம். மனிதரைக் கடித்த நாயைப் பத்து நாள் தனியே கண்காணிக்கும் அறைக்கு வெளியிலிருந்து நேராகச் செல்லும் தனி வாயில் வேண்டும். பணியாளர் நடமாட்டம் நலமுள்ளவற்றில் தொடங்கி நோயுற்றவற்றில் முடிய வேண்டுமேயன்றி ஒருபோதும் திரும்பி ஓடக் கூடாது. ஏனெனில் நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ நச்சுயிரி செருப்பிலும் வாளியிலும் ஒட்டிப் பரவி, நிழலான மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லது. பூனைகளுக்கு நாயின் பார்வையும் ஒலியும் எட்டாத அறையும், உயரத்தில் ஏறி ஒளிந்துகொள்ளப் பலகைத் தட்டுகளும் தேவை.

கூண்டும் தரையும்

நெடுநாள் தங்கும் நாய்க்கு ஏற்றது, உள்ளறையும் வெளிமுற்றமும் கொண்டு, நடுவே மேலும் கீழும் நகரும் கதவு பொருத்தப்பட்ட இரட்டைக் கூண்டாகும். ஒருபுறம் கழுவும்போது நாய் மறுபுறம் இருக்கும் என்பதால் ஈரத்தில் நிற்கவோ பணியாளரைக் கண்டு மிரளவோ வேண்டியதில்லை. தரை மீட்டருக்கு 2 செ.மீ. அளவு சரிவோடு வெளி வாய்க்காலை நோக்கி இறங்க வேண்டும்; ஒரு கூண்டின் கழுநீர் அடுத்த கூண்டின் வழியே ஓடலாகாது. சுவரும் தரையும் சேரும் மூலையை வளைத்துப் பூசினால் அழுக்குத் தங்காது.

இராயலசீமையிலும் வடதமிழ்நாட்டிலும் எளிதில் கிடைக்கும் கடப்பா கல், தண்ணீரை அதிகம் உறிஞ்சாமையாலும் நெடுங்காலம் உழைப்பதாலும் கூண்டுத் தரைக்கும் மேடைக்கும் உகந்தது. ஆயினும் மெருகிட்ட பக்கம் ஈரத்தில் வழுக்குமாதலால் சொரசொரப்பான பக்கத்தையே மேலே பாவ வேண்டும். அது சுண்ணாம்புப் பாறை வகையாதலால், கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் பட்டால் அரிக்கப்பட்டுக் குழி விழும். அக்குழிகளே பின்னர் கிருமிகளின் உறைவிடமாகும். பார்வோவை அழிக்கும் பிளீச்சிங் கரைசலோடு ஆசிட் கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு எழும் என்பதால், ஆசிட்டை வளாகத்துக்குள் கொண்டுவராமல் இருப்பதே தரைக்கும் உயிருக்கும் பாதுகாப்பாகும்.

காற்று, வெப்பம், நிழல்

நாய்க்கு உள்ளங்காலில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். பெரும்பாலும் அது நாக்கை நீட்டி இளைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகும்போது அவ்வழி பயனற்றுப்போவதால், கடலோரப் பகுதிகளில் நீர்த்துளி தெளிப்பதைவிடக் காற்றோட்டமே முதன்மை பெறுகிறது. கொட்டகையின் நீளவாக்குச் சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்க, நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை மாலை வெயில் குறுகிய சுவர்களில் மட்டுமே விழும். ஆழமான இறவாணம், சூடேறிய காற்று வெளியேற உச்சியில் இடைவெளி விட்ட இரட்டைக் கூரை, வெள்ளைப் பூச்சு ஆகியவை மின்விசிறியின் தேவையைக் குறைக்கும். கூரைமீது நிறுவப்படும் சூரிய மின்தகடுகள் நிழலும் தந்து, தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும் அறுவை விளக்குக்கும் மின்சாரமும் தரும். வேம்பு, புங்கம், பூவரசு போன்றவை நிழலுக்கு ஏற்றவை. சாலை நடுத்திட்டுகளில் வழக்கமாக நடப்படும் அரளி, நாய்க்கும் மாட்டுக்கும் கொடிய நஞ்சாதலால் இவ்வளாகத்தில் அறவே தவிர்க்கப்பட வேண்டும்.

நீரும் கழிவும்

நாள்தோறும் கழுவும் தேவையால் காப்பகம் வீட்டைவிடப் பன்மடங்கு நீர் தேவைப்படும் கட்டடமாகும். 500 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு சேர்ந்தால் 4 லட்சம் லிட்டர் நீர் கிடைக்கும். முதலில் சாணத்தையும் மலத்தையும் உலர்வாக அள்ளிவிட்டுப் பின் கழுவுவது நீரைப் பெரிதும் மிச்சப்படுத்தும். கழுநீரைப் படிவுத் தொட்டியிலும் காற்றில்லா அறைகளிலும் செலுத்தி, கல்வாழையும் நாணலும் வளர்ந்த சரளைப் படுகையில் வடித்துத் தோட்டத்துக்கு விடலாம்.

ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் இடும். 25 கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கன மீட்டர் எரிவாயு கிடைப்பதால், சில மாடுகளே இருப்பினும் விலங்குகளின் உணவைச் சமைக்க அது உதவும். நாய்மலத்தில் மனிதரையும் தாக்கும் உருளைப்புழு முட்டைகள் இருக்கக்கூடுமாதலால் அதைக் காய்கறிப் பாத்திக்கு உரமாக்காமல் மூடிய தனிக்குழியில் சேர்க்க வேண்டும்.

பொதுவெளியாகப் பயன்படுதல்

மக்கள் வந்துபோகும் காப்பகத்தில் விலங்குகள் மனிதரோடு பழகித் தத்துக்குத் தகுதி பெறுகின்றன. பணியில் நேரும் அலட்சியமும் பலர் கண்ணில் படுவதால் குறைகிறது. தெருவை நோக்கிய திண்ணை, குடிநீர்க் குழாய், நூலக அலமாரி, பள்ளிப் பிள்ளைகள் அமரும் கூடம் ஆகியவை பெருஞ்செலவின்றி இவ்வுறவை உண்டாக்கும். உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28 அன்று இலவசத் தடுப்பூசி முகாம் நடத்தவும், கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கவும் அக்கூடம் பயன்படும். உலக வெறிநோய் இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ப் பரவல் அறுபடும் என்பது ஏற்கப்பட்ட அளவாகும். இப்பணி காப்பகத்தை மனிதர்க்கான சுகாதார நிலையமாகவும் ஆக்குகிறது.

பேரிடர்க் காலத்தில் மக்கள் தம் விலங்குகளோடு தங்கும் புகலிடமாகும் பயனும் காப்பகத்துக்கு உண்டு. 2005-இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலின்போது வளர்ப்பு விலங்குகளை விட்டுவர மறுத்துப் பலர் வெள்ளத்தில் தங்கிவிட்டதையடுத்து, மீட்புத் திட்டங்களில் அவற்றையும் சேர்க்கும் சட்டம் அந்நாட்டில் 2006-இல் வந்தது.

எடுத்துக்காட்டுகள்

ஆம்ஸ்டர்டாமில் 2007-இல் அரோன்ஸ் என் கெலாஃப் நிறுவனம் வடிவமைத்த காப்பகம், நீர்க்கரையை ஒட்டி வளைந்தோடும் தாழ்ந்த கட்டடமாகும். கூண்டுகள் உள்முற்றங்களை நோக்கியிருப்பதால் வெளிப்பக்கத் தாழ்வாரமே அண்டை வீடுகளுக்கு ஒலித்தடுப்பாகிறது. கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் 2011-இல் திறக்கப்பட்ட காப்பகம் பூங்காவுக்கு எதிரில் அமைந்து, பக்கத்துச் சுத்திகரிப்பு நிலையத்தின் மறுபயன் நீரைக் கொள்கிறது. ஜெய்ப்பூரில் ராகுல் மெஹ்ரோத்ராவின் நிறுவனம் வடிவமைத்த ஹாத்திகாவ், 100 யானைகளும் அவற்றின் பாகர் குடும்பங்களும் சேர்ந்து வாழ்வதற்கான குடியிருப்பு. மணல் அள்ளிச் சீரழிந்த நிலத்தில் முதலில் மழைநீர்க் குளங்களை உண்டாக்கி அதன்பின் வீடுகளை எழுப்பியது அதன் சிறப்பு. திருப்பதியில் தேவஸ்தானம் கோசாலை நடத்திவருகிறது. அலிபிரி மலையடிவாரத்தில் 2021-இல் திறக்கப்பட்ட சப்த கோ பிரதட்சிண மந்திரத்தில் பக்தர்கள் பசுக்களுக்கு உணவளிக்கின்றனர்.

பிச்சாட்டூர் வட்டாரம்

2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய பிச்சாட்டூர், சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, புத்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் உள்ளது. ஆரணியாற்றின் குறுக்கே இங்கு அமைந்த நீர்த்தேக்கம் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது, கீழே ஊத்துக்கோட்டை உள்ளிட்ட கரையோர ஊர்கள் எச்சரிக்கப்படுகின்றன. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு.

இத்தகைய சிற்றூர் தனியாகப் பெரிய காப்பகம் நடத்துவதைவிட, நாகலாபுரம், சத்தியவேடு முதலிய அண்டை ஊர்களோடு சேர்ந்து ஒன்றை நடத்துவதே தகும். 1955 முதல் இயங்கும் திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாணவர்க்கு அது பயிற்சிக் களமாகலாம். ஆற்று மட்டத்துக்கு மேலான மேட்டில், அகன்ற தாழ்வாரத்தோடு கட்டினால், வெள்ள நாளில் கரையோர மக்கள் தங்கள் ஆடுமாடுகளோடு தங்கும் புகலிடமாகும். தெலுங்கும் தமிழும் வழங்கும் எல்லைப்புறமாதலால் அறிவிப்புப் பலகையும் தடுப்பூசி அட்டையும் இரு மொழியிலும் இருத்தல் வேண்டும்.

மதிப்பீடு

ஒரு காப்பகத்தின் தரத்தை அதில் அடைபட்டுள்ள விலங்குகளின் எண்ணிக்கை காட்டாது. குணமாகி வெளியேறியவற்றின் எண்ணிக்கையும், உள்ளே தொற்றிய நோயின் குறைவும், வந்துபோகும் மக்களின் பெருக்கமுமே காட்டும். இடமின்றி நெருக்கியடித்து வைப்பது கருணையாகாது என்பதால், ஏற்கும் அளவை முன்கூட்டியே வரையறுத்து, கருத்தடையாலும் தத்தெடுப்பாலும் வரவைக் குறைப்பதே நிலைத்த வழியாகும். கிணறும் மரமும் மடமும் ஆவுரிஞ்சு கல்லும் ஒரே வழியோரத்தில் அமைத்த சமூகத்துக்கு இக்கட்டடம் அந்நியமானதன்று. உள்ளாட்சிகள் இதைப் பள்ளி, நூலகம், சுகாதார நிலையம் ஆகியவற்றுக்கு இணையான பொதுக்கட்டடமாக ஏற்று, நிலமும் நிதியும் ஒதுக்க வேண்டும்.