வை-ஃபை எட்டாத இடம்

வை-ஃபை எட்டாத இடம் என்பது, வீட்டில் கம்பியில்லா இணைய இணைப்பு இருந்தும், அதன் வானொலி அலை பயன்படும் அளவுக்கு வந்து சேராத அறையையோ மூலையையோ குறிக்கும். இது இணையச் சேவையின் வேகக்குறைவிலிருந்து வேறுபட்டது. வாசல் வரை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் வரும் இணைப்பு, அதே வீட்டின் பின்கட்டில் ஒரு நிகழ்படத்தைக் கூட ஓடவிடாமல் நின்றுவிடலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவோர் பலர். மாதச் செலவு கூடுமேயன்றிப் பின்கட்டின் நிலை மாறுவதில்லை.

கண்டறிதல்

திசைவி எனப்படும் ரவுட்டரின் அருகில் நின்று ஒருமுறையும், குறையுள்ள அறையில் ஒருமுறையும் கைப்பேசியில் வேகத்தை அளக்க வேண்டும். அருகிலும் வேகம் குறைவாயின் குறை இணைப்பில் உள்ளது. அருகில் சரியாக இருந்து அறையில் மட்டும் குறைந்தால் அவ்வறை எட்டாத இடமாகும். அலைவலிமையை அளக்கும் செயலிகள் அதனை எதிர்மறை டெசிபெல்லில் காட்டும். -50 மிக நன்று. நிகழ்பட அழைப்புக்கு ஏறத்தாழ -67 தேவை. -80-க்குக் கீழே இணைப்பு பெயரளவிலேயே இருக்கும்.

பின்னணி

வை-ஃபைக்கு அடிப்படையான 802.11 சீர்தரம் 1997-இல் வெளியானது. இந்தியாவில் 2.4 கிகாஎர்ட்சு அலைவரிசை 2005 சனவரியில் உரிமம் இன்றிப் பயன்படுத்த விடப்பட்டது. அதே மாதத்தில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியான அகலப்பாட்டைச் சேவையைத் தொடங்கியது. அக்காலத்தில் மோடம் தொலைபேசி இருந்த முன்கூடத்திலேயே வைக்கப்பட்டது. பிற்காலத்தில் வந்த ஒளியிழைக் கம்பியும் பெரும்பாலும் தெருப்பக்கச் சன்னல் வழியாகவே நுழைகின்றது. இதனால் ரவுட்டர் வீட்டின் ஒரு கோடியில் அமைந்து, அதன் அலையில் பாதி தெருவுக்குச் செல்கின்றது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையவழிக்கு மாறியபோது இக்குறை வெளிப்படையாயிற்று. முன்கூடத்தில் ஒருவர் வகுப்பில் இருக்க, மற்றவர் உள்ளறையில் இணைப்பின்றித் தவிக்க நேர்ந்தது.

திண்டுக்கல் வீடுகளும் அலைத்தடையும்

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் காணப்படும் வீடுகள் பெரும்பாலும் செங்கற்சுவரும் கான்கிரீட் தளமும் கொண்டவை. மரச்சட்டமும் அட்டைச்சுவரும் கொண்ட மேலைநாட்டு வீடுகளை எண்ணிச் சொல்லப்படும் ரவுட்டர் எல்லை இங்கு பொருந்தாது. ஒவ்வொரு 3 டெசிபெல் இழப்பும் அலையின் ஆற்றலைப் பாதியாக்கும். ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் இத்தகைய இழப்பைப் பன்முறை ஏற்படுத்தும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அதனினும் மிகுதியாகத் தடுக்கும். 5 கிகாஎர்ட்சு அலை வேகம் மிக்கதாயினும் சுவரைக் கடப்பதில் 2.4 கிகாஎர்ட்சு அலையைவிட வலுக்குறைந்தது.

வீட்டுப் பொருட்களும் தடையாகின்றன. பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பெயர்பெற்ற இவ்வூரில் இரும்பு பீரோ இல்லாத வீடு அரிது. உலோகம் அலையைத் திருப்பிவிடுவதால், பீரோவின் பின்னோ மேலோ வைக்கப்பட்ட ரவுட்டர் ஒரு பக்கத்தை முற்றிலும் இழக்கும். குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வரும் தெருக்களில் வீட்டுக்குள் நிரப்பி வைக்கப்படும் நீர்ப் பீப்பாய்களும் அலையை உறிஞ்சுகின்றன.

தீர்வுகள்

செலவில்லாத முதல் தீர்வு ரவுட்டரை இடம் மாற்றுவதாகும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், பல அறைக்கதவுகள் திறக்கும் கூடத்தில் வைப்பது நன்று. சேவையாளரிடம் கேட்டு ஒளியிழைக் கம்பியைச் சில மீட்டர் உள்ளே நீட்டிக்கொள்ளலாம். புதிய இடத்தில் இன்வெர்ட்டர் இணைப்புள்ள மின்செருகி இருக்கிறதா எனப் பார்ப்பதும் தேவை. இல்லையெனில் மின்தடையின்போது இணைப்பும் நிற்கும். செங்குத்தாக நிற்கும் அலைவாங்கிக் குச்சி பக்கவாட்டில் வலுவாகவும் நேர் மேலும் கீழும் மெலிதாகவும் அலை பரப்பும். ஆகவே மாடிக்கு ஒரு குச்சியைச் சாய்த்து வைப்பதும், படிக்கட்டுத் திறப்பின் அருகே ரவுட்டரை வைப்பதும் பயன் தரும். 2.4 கிகாஎர்ட்சில் ஒன்றன்மேல் ஒன்று படியாத வழித்தடங்கள் 1, 6, 11 ஆகியவை. சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் அண்டை வீட்டார் பயன்படுத்தாத தடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

ரவுட்டரின் ஆற்றலைக் கூட்டுவது பலர் நம்பும் அளவுக்கு உதவுவதில்லை. இணைப்பு இருவழிப்பட்டது. ரவுட்டரின் அலை கைப்பேசியை எட்டினாலும், சிறிய மின்கலத்தில் இயங்கும் கைப்பேசியின் மறுமொழி ரவுட்டரை எட்ட வேண்டும்.

இடமாற்றம் போதாதபோது இரண்டாம் கருவி தேவைப்படும். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்பதையும் சொல்வதையும் செய்வதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். மேலும், அதனை எட்டாத அறைக்குள்ளேயே செருகுவது வழக்கமான பிழை. அலை இன்னும் நன்றாக உள்ள நடுவழியில்தான் அது இருக்க வேண்டும். மெஷ் கருவிகள் பல அறைகளுக்கு ஏற்றவை, ஆனால் விலை மிக்கவை. மின்கம்பி வழியே இணையத்தைக் கடத்தும் கருவிகள், மும்முனை இணைப்புள்ள வீடுகளில் இரு செருகிகளும் ஒரே முனையில் அமையாவிட்டால் சரியாக இயங்காமற் போகலாம்.

மிக உறுதியான வழி கம்பியே. ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை செல்லும். அதன் மறுமுனையில் பழைய ரவுட்டர் ஒன்றை இணைத்து, அதன் முகவரி வழங்கும் பணியான டி.எச்.சி.பி.யை நிறுத்தி, முதல் ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையுமே அதற்கும் கொடுத்தால், அது அணுகுபுள்ளியாக இயங்கும். கம்பியை அதன் லேன் துளையில் செருக வேண்டும். புதுவீடு கட்டுவோர் மின்குழாய் பதிக்கும்போதே இதற்கென ஒரு குழாயை மாடி வரை விட்டுவைப்பது பின்னர் சுவரை உடைக்கும் செலவைத் தவிர்க்கும்.

தோட்டத்து வீடுகள்

ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வேடசந்தூர்ப் பகுதிகளில் வீட்டுக்கும் மோட்டார் அறைக்கும் இடையே பல நூறு மீட்டர் இருக்கக்கூடும். அத்தொலைவுக்கு மேற்கண்ட எதுவும் போதாது. ஒன்றையொன்று நோக்கிய இரு வெளிப்புற அலைவாங்கிகளைக் கொண்டு இணைப்பைக் கடத்தலாம். 5 கிகாஎர்ட்சு அலைவரிசை 2018 அக்டோபர் முதல் வீட்டுக்கு வெளியிலும் உரிமமின்றிப் பயன்படுத்த விடப்பட்டுள்ளது. இரு முனைகளுக்கும் இடையே நேர்ப்பார்வை வேண்டும். குறுக்கே நிற்கும் தென்னை மட்டைகள், சிறப்பாக மழையில் நனைந்த பின், அலையை மிகவும் குறைத்துவிடும். கன்றாக இருந்தபோது தடையாகாத தென்னை, ஓலை உயர்ந்தபின் குறுக்கிடும். எனவே கம்பத்தின் உயரத்தைத் தோப்பின் வருங்கால வளர்ச்சியையும் கணக்கிட்டே முடிவு செய்கின்றனர்.