கடலூர் டூ மாண்டலே: ஒரு ஸ்ட்ரைக்கரின் கணக்கு

ரிக்கி லாம்பர்ட்னு ஒரு இங்கிலாந்து ஆட்டக்காரர். பேர் கேள்விப்பட்டிருக்கீங்களா மக்களே? மான்செஸ்டர், ஆர்செனல்னு மட்டும் டிவியில பார்க்கிற நம்ம ஆளுங்களுக்கு அவ்வளவா தெரிஞ்சிருக்காது. பிளாக்பூல் கிளப் 'போய்ட்டு வாப்பா'ன்னு அனுப்பி வச்சதும், கொஞ்ச நாள் பீட்ரூட் பாட்டிலுக்கு மூடி போடுற தொழிற்சாலையில வேலை பார்த்த மனுஷன். அப்புறம் மேக்கிள்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்போர்ட், ரோச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ்னு கீழ் டிவிஷன் கிளப்புகளா சுத்தினார். 2009-ல் மூணாவது அடுக்கில் கிடந்த சவுத்தாம்ப்டனுக்கு வந்து, அந்த சீசன்லயே 30 லீக் கோல். அவரும் கிளப்புமா படிப்படியா ஏறி 2012-ல் பிரீமியர் லீக். 2013 ஆகஸ்ட்ல, 31 வயசுல, இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம். ஸ்காட்லாந்துக்கு எதிரா சப்ஸ்டிட்யூட்டா உள்ளே வந்து முதல் தடவை பந்தைத் தொட்டதே கோல்!

சினிமாக் கதை மாதிரி இருக்கில்ல? ஆனா நான் சொல்ல வந்தது அந்த கிளைமாக்ஸ் இல்ல. ரோச்டேல்ல நாலாவது டிவிஷன்ல அவர் ஆடின ஆட்டத்துக்கும் கணக்கு இருக்கு. எந்த நிமிஷத்துல கோல், எத்தனை பேர் பார்த்தாங்க, யாருக்குப் பதிலா யார் இறங்கினாங்க, எல்லாம் இருக்கு. இங்கிலாந்துல மேல் நாலு அடுக்குல மொத்தம் 92 கிளப். பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூணு அடுக்குலயும் ஒரு சீசனுக்கு ஆளுக்கு 46 லீக் ஆட்டம். கடைசி இடத்துல இருக்கிற கிளப்போட ஸ்ட்ரைக்கருக்கும் 46 வாய்ப்பு. இந்த 46-ஐ ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

சிதம்பரத்துல பஸ் ஏறினா பு.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி கடலூர். இந்த ரோட்டுல எந்தக் காலி மனையைப் பார்த்தாலும் மூணு குச்சி நட்டு கிரிக்கெட்தான். ஆனா இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் அனுப்புற ஊர் கடலூர்னு சொன்னா, கடலூர்க்காரங்களே 'அப்படியா?'ன்னு கேக்குறாங்க. ஃபார்வர்ட் சந்தியா ரங்கநாதன், நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசன். ரெண்டு பேரும் நம்ம மாவட்டம்.

இதுக்கு வேர் சுனாமி வரைக்கும் போகுது. 2004 டிசம்பர் 26 அன்னிக்கு தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோதிக்குப்பம் பக்கமெல்லாம் என்ன ஆச்சுன்னு நான் சொல்லத் தேவையில்ல. மாவட்டத்துல அறுநூறுக்கும் மேல உயிர் போச்சு. பெத்தவங்களை இழந்த பிள்ளைகள் அரசு காப்பகத்துக்கு வந்தாங்க. அந்தப் பெண் பிள்ளைகளுக்குப் பந்தைக் காட்டினவர் பயிற்சியாளர் எஸ். மாரியப்பன். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமின்னு பேர்ல அது வளர்ந்துச்சு. சுனாமியில பாதிக்கப்பட்டவங்களோட நிக்காம, வீட்டுச் சூழ்நிலை சரியில்லாம விடுதியில சேர்ந்த பிள்ளைகளும் வந்து ஆட ஆரம்பிச்சாங்க. சந்தியா அப்படி அரசு விடுதியில வளர்ந்தவர்தான். சீனியர் அக்காக்கள் பந்து ஆடி ஊர் ஊரா போறதைப் பார்த்து நாமும் போகலாமேன்னு தோணுச்சுன்னு பேட்டிகள்ல சொல்லியிருக்கார். 'சின்ன வயசுலேர்ந்து கால்பந்து என் கனவு' டைப் வசனம் எல்லாம் கிடையாது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது.

(சைடுல ஒரு வரலாறு. அந்த தேவனாம்பட்டினத்துலதான் இங்கிலீஷ்காரன் 1690-ல் கோட்டை வாங்கினான், செயின்ட் டேவிட் கோட்டை. அப்போ அவன் ஊர்லயே கால்பந்துக்குப் பொது விதி கிடையாது. லண்டன்ல சங்கம் கூடி விதி எழுதினது 1863-ல். அதே சங்கம் 1921-ல் 'பொம்பளைங்களுக்கு இந்த ஆட்டம் ஒத்து வராது'ன்னு தன் மைதானங்கள்ல பெண்கள் ஆடத் தடை போட்டுச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான், 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூல்ல தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடின ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்திருந்தாங்க. தடை ஏறக்குறைய ஐம்பது வருஷம் நீடிச்சுது. அந்த அணியின் நட்சத்திரம் லில்லி பார் அப்புறம் நர்ஸா வேலை பார்த்தார். ஆக, கணக்கு எழுதுறதுல புலியான இங்கிலாந்துலயே பெண்கள் கணக்குல அரை நூற்றாண்டு ஓட்டை!)

சரி, சந்தியாவுக்கு வருவோம். ஒரு ஸ்ட்ரைக்கரை எதை வச்சு எடை போடுவோம்? இத்தனை ஆட்டம், இத்தனை கோல். அவ்வளவுதானே? அந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தாத்தான் தலை சுத்துது.

இந்தியப் பெண்கள் லீக் ஆரம்பிச்சது 2016-17-ல். முதல் தடவை டெல்லியில ஆறு அணி. அடுத்தது 2018 மார்ச்-ஏப்ரல்ல ஷில்லாங். அதுல ஏழு அணி, ஏழுல ஒண்ணு நம்ம கடலூர் இந்திரா காந்தி அகாடமி! கோகுலம், சேது, மணிப்பூர் கிளப்புகள், ஒடிசா கிளப் இதுங்க நடுவுல ஒரு மாவட்டத் தலைநகரத்து அகாடமி மலை ஏறிப் போய் தேசிய லீக் ஆடிட்டு வந்திருக்கு. நம்ம ஊர்ல இதுக்கு ஒரு பேனர்கூட நான் பார்க்கல. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ரோட்டை அடைச்சு வைப்போம், அது வேற விஷயம் :-)

2018-19 லீக் லூதியானாவுல. மே 5-ல ஆரம்பிச்சு மே 22-ல முடிஞ்சு போச்சு. பஞ்சாப் வெயில், அதுவும் மே மாசம், பதினெட்டு நாள்ல ஒரு 'சீசன்'. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி அந்த வருஷம் சாம்பியன். இறுதி ஆட்டத்துல மணிப்பூர் போலீஸை 3-1-ன்னு ஜெயிச்சாங்க. சந்தியா அந்த அணியில. சாம்பியன் அணிக்கே மொத்தம் 7 ஆட்டம்தான்.

இப்போ அந்த 46-ஐ வெளியே எடுங்க. 2017-18 லீக்ல கடைசி வரை போன அணிக்கு 8 ஆட்டம். 2018-19-ல் 7. பெங்களூருல நடந்த 2019-20-ல் 7. கொரோனாவால 2020-21 நடக்கவே இல்ல. 2021-22 ஒடிசாவுல 12 அணி, ஆளுக்கு 11 ஆட்டம். 2022-23 அகமதாபாத்ல 16 அணி, இறுதி வரை போனா 10. கூட்டிப் பாருங்க: 43. அதாவது, இந்த அஞ்சு லீக்லயும் ஒரு பொண்ணு இறுதி ஆட்டம் வரைக்கும் போய், ஒரு ஆட்டம்கூட விடாம ஆடியிருந்தாலும் 43 ஆட்டம். இங்கிலாந்து நாலாவது டிவிஷன்ல ஒருத்தன் ஒரே சீசன்ல ஆடுறதைவிட மூணு கம்மி!

லாம்பர்ட்டுக்கு ரோச்டேல்ல பத்து ஆட்டம் கோல் வரலைன்னா மிச்சம் முப்பத்தாறு இருக்கு. இங்கே ரெண்டு ஆட்டம் சொதப்பினா சீசன்ல கால்வாசி போச்சு. கணுக்கால் பிசகினா முழு வருஷமும் போச்சு. ஸ்ட்ரைக்கர்ங்கிறவ தப்பு பண்ணிப் பண்ணித்தான் தேறணும். அதுக்கு ஆட்டம் வேணுமே?

இதுல சந்தியாவுக்கு இன்னொரு சோதனை. சேதுலயும் பிறகு கோகுலத்துலயும் அவர் பக்கத்துல ஆடினவர் நேபாளத்து சபித்ரா பண்டாரி. சபித்ரா ஒரு ராட்சசி (நல்ல அர்த்தத்துல!). 2022-23 லீக்ல மட்டும் 29 கோல். அப்படி ஒருத்தர் பக்கத்துல இருந்தா பந்து அவருக்குப் போகும், பேப்பர்ல பேரும் அவருக்குப் போகும். அந்த வருஷம் இறுதி ஆட்டத்துல கோகுலம் கிக்ஸ்டார்ட்டை 5-0-ன்னு நொறுக்கினப்ப கோல் போட்டவங்க பட்டியல்ல சந்தியா, இந்துமதி ரெண்டு பேருமே இருக்காங்க. கேரளா கிளப், அகமதாபாத் மைதானம், கோல் கடலூர். எனக்கு அதைப் படிச்சப்ப விசிலடிக்கணும் போல இருந்துச்சு.

தலைப்புல சொன்ன மாண்டலே? பர்மாவுலேர்ந்து திரும்பி வந்த குடும்பங்கள் நம்ம தமிழ்நாட்டுல எத்தனையோ இருக்கு, அவங்க வீட்டுப் பெரிசுகளுக்கு இந்தப் பேர் பழக்கம். 2019 ஏப்ரல்ல ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் ரெண்டாவது கட்டம் அங்கே நடந்துச்சு. இந்தோனேசியாவை 2-0, நேபாளத்தை 3-1-ன்னு ஜெயிச்சுட்டு இந்தியா கடைசி ஆட்டத்துல மியான்மரை அவங்க ஊர்லயே சந்திச்சுது. ஜெயிச்சா அடுத்த சுற்று. டிரா ஆனா கோல் வித்தியாசத்துல மியான்மர் போயிடும். தொடக்கத்துலயே சந்தியா கோல் அடிச்சு இந்தியாவுக்கு முன்னிலை. மியான்மரோட வின் தீங்கி துன் திருப்பி அடிக்க, நாம அடிக்க, அவங்க மறுபடி அடிக்க, கடைசியில 3-3. மூணையும் வின் தீங்கி துன் ஒருத்தரே போட்டார். ஒரு கோல் கூட வந்திருந்தா கதையே வேற. பெண்கள் கால்பந்துல இந்தியா இதுவரை ஒலிம்பிக் ஆடினதில்லைங்கிறதை நினைச்சா, அந்த சாயங்காலம் எவ்வளவு பெருசுன்னு புரியும். மறுநாள் நம்ம பேப்பர்கள்ல ஐபிஎல்லுக்கு நடுவுல ஒரு மூலையில போட்டிருந்தாலே அதிசயம்.

அடுத்த அடி 2022 ஜனவரி. ஆசியக் கோப்பை இந்தியாவுலயே, நவி மும்பையில. 23 பேர் அணியில சந்தியா, இந்துமதி ரெண்டு பேரும். ஈரானோட முதல் ஆட்டம் 0-0. அதுக்குள்ள அணிக்குள்ள கொரோனா பரவி, ரெண்டாவது ஆட்டத்துக்கு ஆள் தேறல. போட்டியை விட்டே வெளியே. ஆடின அந்த ஒரு ஆட்டத்தையும் செல்லாதுன்னு அறிவிச்சுட்டாங்க. அதாவது, சொந்த மண்ணுல ஆடின ஆசியக் கோப்பை ஆட்டம் கணக்குலயே கிடையாது! என்னத்தைச் சொல்ல.

இந்துமதி பத்தி தனிப் பதிவே போடலாம். சுருக்கமா: 2018 பிப்ரவரியில கட்டாக்ல தேசிய சீனியர் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிட்டுப் போற மணிப்பூரை தமிழ்நாடு 2-1-ன்னு ஜெயிச்சு முதல் தடவை சாம்பியன். ரெண்டு கோல்ல ஒண்ணு இந்துமதி. 2019-ல் தெற்காசியக் கோப்பை அரையிறுதியில பங்களாதேஷுக்கு எதிரா ரெண்டு கோல். 2024 பிப்ரவரியில துருக்கியில எஸ்டோனியாவை 4-3-ன்னு ஜெயிச்ச ஆட்டத்துல ஒண்ணு. ஒடிசா எஃப்சியோட லீக் பட்டம் வாங்கின 2023-24 பருவத்துக்கு இந்தியாவின் சிறந்த வீராங்கனை விருது. அதே விருது ஆண்கள்ல சாங்தேவுக்கு. சாங்தே யாருன்னு நம்ம பசங்களுக்குத் தெரியும். இந்துமதி?

அவருக்கு இன்னொரு அடையாளம் இருக்கு, தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். 2020 லாக்டவுன் நேரத்துல சென்னையில ரோட்டுல நின்னு டியூட்டி பார்த்தார். மாஸ்க் போடாம வந்து அவர்கிட்ட மாட்டினவன் எவனுக்காவது, தன்னை நிறுத்தினது இந்திய அணி ஆட்டக்காரர்னு தெரிஞ்சிருக்குமா? லீக் மூணு வாரத்துல முடிஞ்சா மிச்ச 49 வாரத்துக்குச் சோறு போடுறது அந்தக் காக்கிச் சட்டைதான்.

ஒண்ணு ஒத்துக்கணும், நிலைமை மாறிக்கிட்டு வருது. 2023-24-லயும் 2024-25-லயும் லீக் சொந்த ஊர், எதிரி ஊர்னு முறையா நடந்துச்சு. முதல்ல ஏழு அணி, 12 ஆட்டம். 2024-25-ல் எட்டு அணி, 14 ஆட்டம். 2025 ஜூலையில தாய்லாந்தை அவங்க மண்ணுல 2-1-ன்னு ஜெயிச்சு, தகுதிச் சுற்று வழியா முதல் தடவையா ஆசியக் கோப்பைக்குள்ள இந்தியா போச்சு. ஆனா சந்தியா, இந்துமதி தலைமுறை ஓடின ஓட்டத்துல பாதிக்கு மேல மாநிலப் போட்டி, இன்டர்-யுனிவர்சிட்டி, போலீஸ் மீட், மாவட்ட டோர்னமென்ட். அதுல விழுந்த கோல் எத்தனை? அதெல்லாம் ஸ்கோர் ஷீட்டோட சேர்ந்து எங்கேயோ பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

அதனால ஒரு வேண்டுகோள். கடலூர், நெய்வேலி, பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்துப் பதிவர்கள் யாராவது, குறிப்பா அண்ணாமலை பல்கலைக்கழகத்துல படிச்சவங்க, 2005-லேர்ந்து நடந்த பெண்கள் கால்பந்து போட்டிகளோட நோட்டீஸ், பேப்பர் கட்டிங், குரூப் போட்டோ ஏதாவது வச்சிருந்தா ஸ்கேன் பண்ணிப் போடுங்க. தேதி, எதிரணி, ஸ்கோர் இருந்தாப் போதும். நான் ஒரு நோட்டுல வரிசையா எழுத ஆரம்பிச்சிருக்கேன். இப்போதைக்கு ரெண்டு பக்கம்தான் தேறியிருக்கு.