ஆடுகளத்தில் உருவான குரல்: பால் ரோப்சனின் கால்பந்து ஆண்டுகள், 1915–1922

அமெரிக்கப் பாடகரும் நடிகருமான பால் ரோப்சனைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் மேடையையே மையமாகக் கொள்கின்றன. 1925இல் நியூயார்க்கில் நடந்த கச்சேரி, 1943இல் பிராட்வேயில் ஏற்ற ஒத்தெல்லோ வேடம், 1950இல் அமெரிக்க அரசு அவரது பாஸ்போர்ட்டை முடக்கியது ஆகியவை அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. முந்திய விளையாட்டு ஆண்டுகளோ இளமைச் சாதனைகளாக இரண்டொரு பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. அந்த ஆண்டுகளுக்கு இன்னும் பெரிய இடம் உண்டு. பாகுபாட்டை நேருக்கு நேர் எதிர்க்கும் ரோப்சனின் பிற்கால நிலைப்பாட்டுக்கு ஆடுகளமே முதல் பயிற்சிக்களம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ரோப்சன் 1898இல் நியூஜெர்சியின் பிரின்ஸ்டனில் பிறந்தார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து போதகரானவர் அவருடைய தந்தை. 1915இல் மாநில அளவிலான தேர்வில் உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கிருந்த ஒரே கறுப்பின மாணவர் அவர்தான். அமெரிக்கக் கால்பந்து அணிக்கான முதல் பயிற்சியில் வெள்ளை மாணவர்கள் அவர் மூக்கை உடைத்தார்கள், தோள்மூட்டு விலகியது. விலகிவிட நினைத்த மகனிடம், கல்லூரிக்கும் களத்துக்கும் வர விரும்பும் கறுப்பினச் சிறுவர்கள் அனைவரின் சார்பிலும் நீ நிற்கிறாய் என்ற பொருள்படத் தந்தை அறிவுறுத்தியதாக 1944இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் ரோப்சன் நினைவுகூர்ந்தார். கால் நூற்றாண்டுக்குப் பின் சொல்லப்பட்ட நினைவு என்பதால் இதை எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும். வாதம் முழுவதையும் இதன்மேல் நிறுத்த முடியாது.

வலுவான சான்று 1916ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. தென்மாநிலக் கல்லூரியான வாஷிங்டன் அண்ட் லீ, கறுப்பின வீரர் இறங்கினால் ஆட மறுத்தது. ரட்கர்ஸ் அதற்கு இணங்கி ரோப்சனை வெளியே அமர்த்தியது. ஆட்டம் 13–13 எனச் சமனில் முடிந்தது. ரட்கர்ஸின் முதல் கறுப்பினப் பட்டதாரியான ஜேம்ஸ் கார், 1919இல் கல்லூரித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த இணக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். ஆக, இதை ஒரு விளையாட்டுச் செய்தியாகக் கடந்துவிடாமல் கல்லூரியின் அறம் தவறிய செயலாகக் கண்டவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள்.

கல்லூரி அவரை ஏற்ற விதமும் பாதியளவானதே. 1918இல் கால்பந்து வல்லுநர் வால்டர் கேம்ப் தேர்ந்தெடுத்த அகில அமெரிக்க அணியில் ரோப்சன் இடம்பெற்றார். அதே மாணவர், வெள்ளையர் மட்டும் கூடும் விருந்துகளை ஒட்டி இயங்கிய கல்லூரிப் பாடகர் குழுவில் முழு உறுப்பினராக முடியவில்லை. அவருடைய உடல்வலிமை கல்லூரிக்குத் தேவைப்பட்டது. சமமான தோழமையைத் தரத்தான் அது மறுத்தது.

கால்பந்து அவருக்கு வருவாய்க்கான வழி மட்டுமே என்று ஒருவர் மறுக்கலாம். தொழில்முறை ஆண்டுகளைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டே 1921இல் ஏக்ரன் அணிக்கும், 1922இல் மில்வாக்கி அணிக்கும் ஆடினார். புகழ்பெற்ற வீரர் ஜிம் தோர்ப்பின் அணியை மில்வாக்கி 13–0 என வென்றபோது இரு டச்டவுன்களையும் எடுத்தவர் அவரே. 1923இல் பட்டம் பெற்றவர் களத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் இந்த மறுப்பு கல்லூரி ஆண்டுகளுக்குப் பொருந்தாது. உதவித்தொகையில் படித்த மாணவர் அடி வாங்கிக்கொண்டும் களத்தில் நின்றதற்கு வருவாய் காரணமாக இருக்க முடியாது.

பாடகராகப் புகழ்பெற்ற பின், 1942இல் கான்சஸ் சிட்டியில், கறுப்பினப் பார்வையாளர்களைத் தனியே அமர்த்தியிருப்பதைக் கண்ட ரோப்சன் கச்சேரியின் நடுவே அதைக் கண்டித்துப் பேசினார். 1916இல் அவர் இறங்குவதா வேண்டாமா என்பதைப் பிறர் முடிவு செய்தார்கள். 1942இல் எந்த நிபந்தனையில் பாடுவது என்பதைத் தாமே பேசும் இடத்துக்கு வந்திருந்தார். இரண்டுக்கும் நேரடிக் காரணத் தொடர்பை ஆவணங்களால் நிறுவ இயலாது. ஆனால் இரு நிகழ்வுகளிலும் எழும் கேள்வி ஒன்றே: பாகுபாட்டோடு சமரசம் செய்துகொண்டு திறமையைக் காட்டுவதா?

பனிப்போர்க் காலத்தில் அவருடைய அரசியலை வெறுத்தவர்கள் ஆட்டச் சாதனைகளையும் மறைத்தார்கள். கல்லூரிக் கால்பந்தின் புகழ்மன்றம் அவரை ஏற்றது 1995இல். அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ரோப்சனின் அரசியலை ஆராய்பவர்கள் ஆட்டப் பதிவேடுகளையும் அரசியல் ஆவணங்களாகவே வாசிக்க வேண்டும்.