ரோத்தாங்: பெயரில் உறைந்த எச்சரிக்கை

மணாலிக்கும் லாகுல் பள்ளத்தாக்குக்கும் இடையே 3,978 மீட்டர் உயரத்தில் உள்ளது ரோத்தாங் கணவாய். திபெத்திய மொழியில் 'ரோ' பிணத்தையும் 'தாங்' வெட்டவெளியையும் குறிக்கும். இவ்விரு சொற்களும் சேர்ந்து அமைந்ததே இப்பெயர் என்பது வழிவழியாக வழங்கிவரும் விளக்கம். தமிழில் 'பிணக்களம்' எனலாம். வானிலை அறிக்கை இல்லாத காலத்தில், சுமையேற்றிக் கணவாய் கடந்தோருக்கு இப்பெயரே எச்சரிக்கையாக நின்றது.

அங்கு உயிர் குடித்தவை இரண்டு: பனிப்புயல், பனிச்சரிவு. பின்னதன் இயக்கம் கண்ணுக்குப் புலப்படாதது. மலைப்பனி அடுக்கடுக்காகப் படிகிறது. பழைய பனிக்கும் புதுப்பனிக்கும் இடையே பிணைப்பற்ற மெல்லடுக்கு ஒன்று இருந்தால், 30 முதல் 45 பாகை வரையிலான சரிவில் மேலடுக்கு முழுவதும் பலகைபோல் பெயர்ந்துவிடும். காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கச் சரிவில் குவிப்பதால் சுமை மேலும் கூடுகிறது. சாலையை விட்டு விலகி அச்சரிவில் கால்வைக்கும் ஒருவரின் எடையே அதைப் பெயர்க்கப் போதும். புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால்மணி நேரத்துக்குப் பின் விரைந்து குறைகிறது. ஆகவே உடன் சென்றவர்களே பெரும்பாலும் உண்மையான மீட்பர்கள்.

இந்த அறிவைக் கருவிகளின் துணையோடு தொகுக்க, 1969இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1979 மார்ச்சில், லாகுலில் அடுத்தடுத்து நிகழ்ந்த பனிச்சரிவுகளில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அளவிடத் தொடங்கியதாலேயே ஆபத்து அடங்கிவிடுவதில்லை.

2020 அக்டோபர் 3 அன்று கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றித் தவித்த லாகுல் மக்களுக்கு அது பெரும்பேறு. ஆனால் சுரங்கம் பாதையை மட்டுமே மலைக்குள் கொண்டுசென்றது. சரிவுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. முன்பு கணவாய் அடைபட்டதால் குளிர்காலத்தில் எட்டமுடியாதிருந்த வெண்சரிவுகளின் அடிவாரத்துக்கு, இன்று பனியைப் பற்றி ஏதுமறியாத பயணிகள் சில நிமிடங்களில் வந்துவிடுகின்றனர். அவர்களுக்கு ரோத்தாங் என்பது ஒரு சுற்றுலாத் தலத்தின் பெயர், அவ்வளவே.

இடப்பெயராய்வை நாம் பெரும்பாலும் குடிப்பெயர்வு, சமயம், ஆட்சி ஆகியவற்றின் சான்றாகவே பயன்படுத்துகிறோம். இமயச் சிற்றூர்களில் ஒவ்வொரு சரிவுக்கும் ஓடைக்கும் வழங்கும் பெயர்களைப் பொருளோடு பதிவுசெய்து, அவற்றைப் பனிச்சரிவு வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் மொழியியலாரின் பணியே. பொருள் மறந்த பெயர் எவரையும் எச்சரிப்பதில்லை.